அம்மனே மோர் குடிக்கிறாள்

ஏகாதசிக்கு ஏகாதசி என் செல்போனுக்கு ஒரு தகவல் வந்துவிடுகிறது. அனுப்புகிறவர் மாறுவார். ஒருமுறை பெரியப்பா பையன், அடுத்த முறை பழைய ஆபீஸ் நண்பர், போன மாதம் எங்களுக்கு காஸ் சிலிண்டர் போடுகிறவர். வாசகம் மட்டும் மாறாது. 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று ஆரம்பிக்கும். (முட்டாள்கள் என்று யார் சொன்னது? இதுவரை தெரியவில்லை.) ஜப்பான் விஞ்ஞானி ஒருவர் ஏகாதசி விரதத்தை ஆராய்ந்து நோபல் பரிசே வாங்கிவிட்டார். பதினோராம் நாள் சந்திரன் நம் உடம்பில் உள்ள தண்ணீரை இழுக்கிறது. பட்டினி கிடந்தால் உடம்பு கெட்ட செல்களைத் தின்றுவிடும், கான்சர் வராது, சர்க்கரை இறங்கும், தொப்பை கரையும். கடைசி வரி, பத்து பேருக்கு அனுப்பவும்.

புத்தக விமரிசனம் எழுதியிருக்கிறேன். சினிமா விமரிசனம் எழுதி வசவு வாங்கியிருக்கிறேன். இந்த வாரம் இந்தத் தகவலை விமரிசனம் செய்வதாக உத்தேசம். தமிழில் இன்றைக்கு அதிகம் பேர் படிக்கிற இலக்கியம் இதுதான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் அம்மா. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஜப்பான்காரர். பெயர் யோஷினோரி ஓசுமி. 2016ல் மருத்துவ நோபல் அவருக்குத்தான், அதில் பொய்யில்லை. செல்கள் தங்களுக்குள் சேரும் கழிவைத் தாங்களே உடைத்து மறுபடி உபயோகித்துக்கொள்ளும் காரியத்துக்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். அது எப்படி நடக்கிறது, எந்த ஜீன்கள் நடத்துகின்றன என்பதை 1990களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். எதை வைத்து? ஈஸ்ட்டை வைத்து. பன்னையும் பீரையும் பொங்கவைக்கிற அதே ஈஸ்ட். ஓசுமியின் ஆய்வுக்கூடத்தில் விரதம் இருந்தது அதுதான். ஏகாதசியும் துவாதசியும் அவர் ஆராய்ச்சியில் எங்கேயும் கிடையாது. போதாக்குறைக்கு, சில கான்சர் செல்களே இந்த வித்தையைப் பயன்படுத்திப் பிழைத்துக்கொள்கின்றன. அதை எந்தத் தகவலும் சொல்வதில்லை.

சந்திரன் விஷயம் இன்னும் மோசம். கடல் பொங்குவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அதிகம். குறைவது அஷ்டமியை ஒட்டி. ஏகாதசி இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கிறது. எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

போகட்டும். பட்டினி கிடந்தால் உடம்புக்கு என்னதான் ஆகிறது? நான் பி.காம்., எதையும் வரவு செலவாகத்தான் எனக்குப் புரிந்துகொள்ள முடியும். டாக்டர் நண்பர் ஒருவர் பொறுமையாகச் சொன்னதை என் பாஷையில் தருகிறேன். கல்லீரலில் சுமார் 100 கிராம் மாவுச்சத்து கிளைகோஜன் என்ற உருவில் இருக்கிறது. இது சட்டைப்பைப் பணம். மூளையோ ஒரு நாளைக்கு 120 கிராம் குளூக்கோஸ் கேட்கிற ஊதாரி. ஒரு முழு நாள் சாப்பிடாமலிருந்தால் சட்டைப்பை ஏறக்குறையக் காலி. அதற்குப் பிறகு கொழுப்பு என்கிற ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்தாக வேண்டும். அது மட்டும் உடைந்தால் சந்தோஷம். கூடவே வீட்டுச் சாமானையும், அதாவது தசையையும், கொஞ்சம் கொஞ்சமாக எடைக்குப் போடுகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு மாதம் இரண்டு நாள் இதனால் எந்த நஷ்டமும் இல்லை. தண்ணீர் குடித்துக்கொண்டு தாராளமாக இருக்கலாம்.

ஆனால் இளைப்பதற்கு இது குறுக்கு வழியா? அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் ஓர் ஆய்வு நடந்தது, 2020ல் வெளியானது. ஒரு கோஷ்டிக்கு மதியம் 12 முதல் இரவு 8 வரைதான் சாப்பாடு. மற்ற கோஷ்டிக்கு வழக்கமான மூன்று வேளை. முதல் கோஷ்டி இளைத்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. இரண்டு கோஷ்டிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இளைத்ததிலும் தசை கணிசமாகப் போயிருந்தது.

நம் ஊரில் அந்த ஒரு கிலோவும் குறையாது என்பது என் கட்சி. காரணம் பலகாரம். பல ஆகாரம் சேர்ந்ததுதான் பலகாரம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், சாப்பிடுகிற வேகமும் அப்படித்தான் இருக்கும். அது சமஸ்கிருத 'பலாஹாரம்'. பழ உணவு. அந்தப் பழம் நம் சமையலறைக்குள் வந்து ரவா உப்புமாவாகவும் அடையாகவும் ஜவ்வரிசி வடையாகவும் அவதாரம் எடுத்திருக்கிறது. ஜவ்வரிசி 100 கிராமில் 350 கலோரி, கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. அதை எண்ணெயில் போட்டு எடுத்துவிட்டு, 'இன்னிக்கு அரிசி சேர்க்கலை' என்கிறோம். ரம்ஜான் மாதத்தில் இதற்கு ஜோடி சமோசா. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியுமாக எவ்வளவு அழகாக ஆரம்பிக்கிற விஷயம்! அரிசியும் பருப்பும் குழைந்த கஞ்சியைவிடக் காலி வயிற்றுக்கு இதமானது எது?

அடுத்து ஜிம். எங்கள் அபார்ட்மென்டில் ஒரு தம்பி ஏகாதசியன்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் ட்ரெட்மில்லில் ஓடுகிறார். 'டபுள் பெனிஃபிட் அங்கிள்' என்றார். புண்ணியமும் கொழுப்பும் ஒரே டிக்கெட்டில். 2014ல் 20 இளம் பெண்களை வைத்து இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். பாதிப் பேர் வெறும் வயிற்றிலும் மீதிப் பேர் சாப்பிட்டும், நாலு வாரம் ஒரே அளவு உடற்பயிற்சி. இரண்டு தரப்பிலும் கொழுப்பு ஒரே மாதிரிதான் குறைந்தது. தம்பியிடம் சொன்னேன். காதில் மாட்டியிருந்ததை எடுக்காமலேயே தலையாட்டினார்.

விரதத்தில் இந்தியாவிலேயே பெரிய அனுபவஸ்தர் ஒருவர் இருந்தார். மூன்று தடவை 21 நாள் உண்ணாவிரதம் இருந்தவர், 1924, 1933, 1943ல். கடைசித் தடவை வயது 73. காந்தி 1925ல் யங் இந்தியாவில் உபவாசம் இருக்கிறவர்களுக்குச் சில விதிகள் எழுதினார். முதல் விதியே, உடம்பின் சக்தியையும் மனத்தின் சக்தியையும் ஆரம்பத்திலிருந்தே சேமித்து வை என்பதுதான். தண்ணீர் நிறையக் குடி, வேண்டுமானால் உப்போ சோடாவோ சேர்த்துக்கொள் என்றும் சொன்னார். சாதாரண நாளில் மைல் கணக்கில் நடக்கிற மனிதர் அவர். அவரே அப்படிச் சொல்லும்போது ட்ரெட்மில்லுக்கு அன்றைக்கு லீவு கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மெதுவாக அரைமணி நடந்தால் போதும்.

இப்போது அம்மா.

வயது எழுபத்திரண்டு. இருபது வருஷமாகச் சர்க்கரை. சில வருஷம் முன்னால் ஒரு வைகுண்ட ஏகாதசி. விடியற்காலை மூன்று மணிக்கே பெருமாள் கோயில் வரிசையில் நின்றோம். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. சொர்க்கவாசலுக்கு நூறடி இருக்கும்போது அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மார்கழிக் குளிரில். கை நடுங்கியது. என்னைப் பார்த்து, செத்துப்போன என் மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். 'சக்கரை இறங்கிடுச்சு சார், இனிப்பு எதுனா குடுங்க' என்று கத்தியது, படித்த நான் இல்லை, வாசலில் பூ விற்கிற அம்மா. சர்க்கரை கரைத்த தம்ளரையும் அவர்தான் வாங்கி வந்தார். அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் யார் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ஏகாதசி என்பது மறக்கவில்லை.

நர்ஸிங் ஹோமில் பார்த்தபோது சர்க்கரை 46. குளூக்கோஸ் ஏற்றினார்கள். அரைமணியில் கண் திறந்தாள். முதல் கேள்வி:

"வாய் வழியா ஒண்ணும் குடுத்துடலையே?"

"இல்லைம்மா. நரம்புல ஏத்தினாங்க."

"அப்ப தோஷமில்லை." திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். மாத்திரை போட்டார்களா? ஆமாம், துளசித் தீர்த்தத்தோடு, ஒருநாளும் தவறமாட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். அதுதான் சார் பிராப்ளம் என்றார்.

கிளிமிபிரைடு ஜாதி மாத்திரைகள் ஈ.சி.எஸ். மாதிரி. கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்காது, தேதி வந்தால் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைத்துச் சர்க்கரையை இறக்கும். இன்சுலின் ஊசியும் அப்படியே. 'ஃப்ளோசின்' என்று முடியும் புது மாத்திரைகள் வேறு மாதிரி, சர்க்கரையை மூத்திரத்தில் தள்ளுகின்றன. பட்டினியோடும் நாவறட்சியோடும் அவை சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்விடலாம். இதற்குப் பயந்து விரதத்தன்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிற கோஷ்டி ஒன்று உண்டு. அவர்களுக்குச் சர்க்கரை எகிறும், பி.பி. எகிறும். இரண்டு தப்பும் பக்தியில் செய்கிற தப்புதான்.

இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி பேர் என்று 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அவர்களில் எத்தனை கோடி பேர் சஷ்டி, பிரதோஷம், ரம்ஜான், லென்ட் என்று ஏதாவது ஒன்று இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2001ல் 13 நாடுகளில், சர்க்கரை உள்ள 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. டைப் 2 ஆசாமிகளில் 79 சதவீதம் பேர் ரம்ஜானில் குறைந்தது 15 நாளாவது நோன்பு இருந்திருந்தார்கள். சர்க்கரை அபாயகரமாக இறங்கிய சம்பவங்கள் அவர்களிடம் மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கும் மேல்.

இவர்களை இப்படி இருக்கச் சொன்னது யார்? மதம் என்று பட்டென்று சொல்லிவிடலாம். கொஞ்சம் தேடிப் பார்த்ததில் மதம் சொல்லவில்லை என்று தெரிகிறது.

மகாபாரதத்தில் உத்யோக பர்வம். தூக்கம் வராத திருதராஷ்டிரனுக்கு விதுரர் விடிய விடிய நீதி சொல்கிறார். அதில் ஒரு பட்டியல் வருகிறது, விரதத்தைக் கெடுக்காத எட்டு விஷயங்கள். தண்ணீர், கிழங்கு, பழம், பால், வேள்வி நெய், அந்தணர் விருப்பம், குருவின் வார்த்தை. எட்டாவது மருந்து. ஏகாதசிக்கே தர்ம சாஸ்திரம் வயது வரம்பு வைத்திருக்கிறது, எட்டு வயதுக்கு மேல், எண்பதுக்குள். குர்ஆன் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு கொடுத்து, பிறகு வேறு நாளில் ஈடு செய்யச் சொல்கிறது. முடியவே முடியாதவர் ஓர் ஏழைக்குச் சாப்பாடு போட்டால் போதும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் உண்ணா நோன்புக் கடமை 18 வயதில் ஆரம்பித்து, அறுபது பிறக்குமுன் முடிந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் சமயபுரம். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்பாளே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். உலகத்தில் எங்கே தெய்வம் மனிதனுக்காக விரதம் இருக்கிறது? அந்த 28 நாளும் தளிகை கிடையாது. ஆனால் நீர்மோர் உண்டு, பானகம் உண்டு, இளநீர் உண்டு, துள்ளுமாவு உண்டு. பங்குனி வெயில் தெரிந்த தெய்வம்!

விளையாட்டிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2012 ஜூலை, ஓவல் மைதானம், ரம்ஜான் மாதம். தென்னாப்பிரிக்காவின் ஹஷிம் ஆம்லா அவுட் ஆகாமல் 311. அந்த நாட்டின் முதல் டெஸ்ட் முச்சதம். மார்க்கத்தில் அவ்வளவு பிடிப்புள்ள மனிதர் நோன்போடு ஆடினாரா என்று எல்லோருக்கும் கேள்வி. இல்லை என்றார். பயணத்தில் இருக்கிறேன், விலக்கு உண்டு, ஊருக்குப் போய் ஈடு செய்துவிடுவேன். அவ்வளவுதான். குற்ற உணர்ச்சியும் இல்லை, பெருமையும் இல்லை.

அந்தத் தகவலின் மேல் என் முக்கியமான புகார் இதுதான். மதத்திலிருந்து பட்டினியை எடுத்துக்கொண்டு விலக்கை விட்டுவிடுகிறது. விஞ்ஞானத்திலிருந்து நோபலை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிடுகிறது. இதைப் படிக்கிற எழுபத்திரண்டு வயது அம்மாவுக்கு, பட்டினி தன் சர்க்கரைக்கும் மருந்து என்று நம்பிக்கை வந்துவிடுகிறது. பெருமாளும் சொல்லி, ஜப்பான்காரரும் சொன்னால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

எங்கள் தெருக் கோயில் பட்டரிடம் பயந்துகொண்டே கேட்டேன். "உடம்பு முடியாதவாளை யார் சார் இருக்கச் சொன்னா? பாலும் பழமும் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுண்டு, நாமத்தைச் சொல்லிண்டிருந்தா போறாதா?" என்றார். பட்டர் விட்டாலும் வீடு விடுவதில்லை. போன தடவை இருந்தவள் இந்தத் தடவை இருக்கவில்லையென்றால், 'ஏன், முடியலையா?' என்று ஒரு கேள்வி வரும். அதில் பரிவு பாதி, மார்க் போடுவது பாதி. இது பெருமை விஷயமாகிவிட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு 2016ல் ஹைதராபாத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 68 நாள் விரதம் முடித்த ஒரு ஜைனச் சிறுமி, முடித்த ஓரிரு நாளில் இறந்துபோனாள். வயது 13. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

இந்த மார்க் ஷீட்டில் பெரும்பாலும் பெண்கள் பெயர்தான். புருஷனுக்கு ஒரு நோன்பு, பிள்ளைக்கு ஒரு விரதம், மாமியார் ஆரம்பித்துவைத்த செவ்வாய், வெள்ளி. விரதம் இருக்கிறவள் சமைக்கிறாள், இல்லாதவர்கள் சாப்பிடுகிறார்கள், உப்புப் பார்க்கக்கூட அவள் வாயில் வைக்கக்கூடாது. அன்றைக்கும் பாத்திரம், துணி, மாடிப்படி எல்லாம் உண்டு. ஜிம்காரத் தம்பிக்காவது ட்ரெட்மில்லை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15லிருந்து 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

இந்த இடத்தில் சஷ்டியைச் சொல்லாமல் முடியாது. 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்ற பழமொழியை, 'சஷ்டியில் இருந்தால் அகப் பையில் வரும்' என்று மாற்றி, கருப்பைக்கு அர்த்தம் சொல்கிறார்கள். பிள்ளை இல்லாத பெண்கள் தீபாவளி முடிந்த கையோடு ஆறு நாள் இருக்கிறார்கள். திருச்செந்தூரில் கோயில் வளாகத்திலேயே தங்கி இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களைப் பார்த்தபிறகு கிண்டல் பண்ணத் தோன்றாது. ஆனால் டாக்டர்கள் ஒன்று சொல்கிறார்கள். உடம்புக்குப் போதுமான சாப்பாடு இல்லை என்பது தொடர்ந்தால், பிள்ளை பெறும் ஏற்பாட்டைத்தான் உடம்பு முதலில் ஒத்திப்போடும். மாதவிலக்கு தள்ளிப்போகும், கருமுட்டை வெளிவராது. ஆறு நாளில் அப்படி ஆகிவிடாது. வருஷம் முழுக்க அரைவயிறாக இருக்கிறவளுக்கு ஆகும். பழைய பழமொழியே தேவலை. சட்டியில் இருக்க வேண்டும்.

விரதத்தோடு நிஜமான உடற்பயிற்சி சேர்கிற இடம் ஜிம் இல்லை, மலை. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், பலர் பௌர்ணமி விரதத்தோடு, வெறுங்காலோடு. சபரிமலைக்கு 41 நாள் மண்டல விரதம், கடைசியில் பம்பையிலிருந்து நீலிமலை ஏற்றம். வருஷம் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயது குருசாமி அன்றைக்குத்தான் இதயத்துக்கு முதல்முதலாக வேலை கொடுக்கிறார். ஏறும் வழியில் கேரள சுகாதாரத் துறை அவசர சிகிச்சை மையங்களும் ஆக்ஸிஜன் பார்லர்களும் வைத்திருப்பது சும்மா இல்லை. கிளம்புவதற்குச் சில நாள் முன்பிருந்தே நடந்து பழகுங்கள், விரத காலத்திலும் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று சொல்கிறார்கள். 41 நாளும் காலையில் அரைமணி நடந்தால் மலை பாதியாகிவிடும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் செருப்பைக் கழற்றுமுன் டாக்டரிடம் காலைக் காட்டுவது நல்லது. முள் குத்தினால் அவர்களுக்குத் தெரியாது. புண்ணாகி வீங்கினபிறகுதான் தெரியும்.

டாக்டர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. 'விரதமெல்லாம் கூடாது' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த தடவையிலிருந்து பேஷன்ட் சொல்லாமல் இருக்கிறார், அவ்வளவுதான் லாபம். ரம்ஜானுக்கு மட்டும் இந்த வேலையைச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் ஒழுங்காகச் செய்திருக்கிறது. 2016ல் ஒரு வழிகாட்டி, 2021ல் அதன் புதிய பதிப்பு. நோன்புக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னாலேயே டாக்டரைப் பார்க்கச் சொல்கிறது. யார் இருக்கலாம், யார் கூடாது, எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை இஃப்தாருக்கு மாற்றுவது எல்லாம் அதில் இருக்கிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது. சர்க்கரை 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் உடனே முறித்துவிட வேண்டும். கடும் உடற்பயிற்சி வேண்டாம், முக்கியமாக இஃப்தாருக்கு முந்தின மணி நேரங்களில். இரவுத் தராவீஹ் தொழுகையில் குனிந்து நிமிர்வதையே உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். எழுதினவர்களுக்கு விரதம் இருக்கிறவர்களைத் தெரிந்திருக்கிறது. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் இப்படி ஒன்றை நம் ஊர் டாக்டர்கள் எழுதினால் என்ன? தேதிகள்கூடத் தேட வேண்டாம், தினசரி காலண்டரிலேயே இருக்கிறது.

அம்மாவின் டாக்டர் அதைத்தான் செய்தார். திட்டவில்லை. காலண்டரைக் கொண்டுவரச் சொன்னார். எந்தெந்த நாள் என்று கேட்டு, அன்றைக்கு எந்த மாத்திரை வேண்டாம், எது பாதி என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். நிர்ஜலம் கூடாது, பால், பழம், மோர் வேளாவேளைக்கு, வாக்கிங் சாயங்காலம் ஏதாவது சாப்பிட்டபிறகு இருபது நிமிஷம். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. விதுரர் பட்டியலைச் சொன்னேன். எட்டையும் விரல்விட்டு எண்ணினாள். "பாலும் உண்டா?" என்று இரண்டு தடவை கேட்டாள். சமயபுரத்தாள் நீர்மோர் குடிப்பதைச் சொன்னபோதுதான் முகம் மாறியது.

போன ஏகாதசிக்கு அந்தத் தகவல் மறுபடி வந்தது. அதே முன்னோர்கள், அதே ஜப்பான்காரர். இந்தத் தடவை அனுப்பியது அம்மா. கீழே அவளே டைப் அடித்த ஒரு வரி: 'பாதி மாத்திரை ஆச்சு. மோர் குடிச்சுட்டேன். நீ சாப்பிட்டியாடா?'